கேரமல் ஐசிங்: வீட்டு அடுப்பில் ஒரு பொன்னிறப் பூச்சு

பெருநாள் நெருங்கும்போது வட்டிலப்பத்திற்குக் கருப்பட்டி வாங்குவதும், தம்மடைக்கு ரவை சலிப்பதும், கடற்பாசி காய்ச்சுவதும் நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். இப்போது அந்த வரிசையில் கேக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளை குர்ஆன் ஓதி முடித்த நாளானாலும், புதுமாப்பிள்ளை விருந்துக்கு வரும் நாளானாலும், தட்டுகளின் நடுவே ஒரு கேக் இருந்தால்தான் சிறியவர்கள் நிறைவடைகிறார்கள். அவர்கள் உண்மையில் விரும்புவது கேக்கை அன்று, அதன் மேலே பூசப்பட்டிருப்பதைத்தான். மேற்பூச்சை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு அடியிலுள்ளதைத் தாயின் தட்டுக்குத் தள்ளிவிடும் குழந்தைகளை நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்!

கடைகளில் கிடைக்கும் கேக்குகளின் மீதுள்ள வெண்மையான க்ரீம் பெரும்பாலும் பாலில் செய்ததன்று. தாவர எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, சீனியும் மணமும் சேர்த்து நுரைக்க அடித்தது. நாக்கில் படும்போது இனிக்கும், விழுங்கிய பின் அண்ணத்தில் ஒரு பிசுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். சீனி, வெண்ணெய், சிறிது பாலாடைக் க்ரீம் ஆகிய மூன்றே பொருட்களைக் கொண்டு அதைவிடப் பன்மடங்கு சுவையான கேரமல் பூச்சினை நீங்களே செய்துவிடலாம். இதற்கென்று தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அடுப்பின் அருகே நின்று கவனிக்கப் பத்து நிமிடமும், சீனியின் நிறத்தை அறியும் கண்ணும் இருந்தால் போதும்.

கேரமல் நமக்குப் புதியதும் அன்று. டிபன் பாக்ஸின் அடியில் சீனியைக் கருக்கி ஊற்றி, அதன் மேல் முட்டைப்பால் கலவையை விட்டு ஆவியில் வேகவைக்கும் கேரமல் புட்டிங் நம் உம்மாமார்கள் அறிந்ததுதான். கேரமல் என்னும் சொல்லே அரபியிலிருந்து பிறந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அகராதிகள் அதை உறுதி செய்யவில்லை. ஸ்பானிய மொழி வழியாக லத்தீனுக்கே கொண்டுபோகின்றன. ஆனால் ஆங்கிலத்தின் ‘சுகர்’ என்பதும் ‘கேண்டி’ என்பதும் அரபியின் சுக்கர், கந்த் ஆகிய சொற்களின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றவை என்பதில் ஐயமில்லை. அந்த அரபிச் சொற்களும் நம் இந்திய மண்ணிலிருந்து பாரசீகம் வழியே போனவைதாம்.

சீனி எப்படிக் கேரமலாகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சீனியுடன் நீர் சேர்த்துக் கொதிக்க வைக்கும்போது, நீர் ஆவியாகக் குறையக் குறைய வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று நாம் கைவிரலால் அறிவதெல்லாம் இந்த ஏற்றத்தின் படிகளே. அதிரசப் பாகு எடுக்கும் உருட்டுப் பதம் ஏறத்தாழ 114 டிகிரி செல்சியஸ். அதைக் கடந்து 150 டிகிரி அளவில் பாகு கண்ணாடிபோல் நொறுங்கும் பதத்தை அடைகிறது. 160, 170 டிகிரியைத் தொடும்போது சீனியின் மூலக்கூறுகளே உடைந்து, புதிய மணங்களும் நிறமும் தோன்றுகின்றன. அப்போது வெறும் இனிப்பாக இருந்த பொருளில் இலேசான கசப்பும், வறுத்த முந்திரியின் வாசமும் வந்து சேர்கின்றன. 190 டிகிரியைத் தாண்டினால் கசப்பே மிஞ்சும். ஆக, நாம் விளையாடுவது ஓர் இருபது டிகிரி இடைவெளிக்குள்தான்.

இந்த வெப்பத்தைப் பற்றி நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு உம்மா புட்டிங்கிற்காகச் சீனியைக் கருக்கி, டிபன் பாக்ஸை இப்படியும் அப்படியும் சாய்த்து அடிப்பாகமெங்கும் பரப்பிக்கொண்டிருந்தார். அருகில் எட்டிப் பார்த்த தங்கையின் மணிக்கட்டில் ஒரு கரண்டியளவு தெறித்துவிட்டது. அவள் பதறிப்போய் மறுகையால் துடைத்தாள். உருகிய சீனி துடைத்தால் போகாது; ஒட்டிக்கொள்ளும். மறுகையின் விரல்களும் வெந்துபோயின. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் பேனா மையோடு ஓடிவந்தார். இன்னொருவர் பற்பசையை அப்பினார். மறுநாள் ஊரார் பெருநாள் தொழுகைக்குப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம். காயத்தைவிட அதன் மேல் பூசியவற்றைக் கழுவி எடுப்பதற்குத்தான் மருத்துவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதன்பின் எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் எவரும் சீனியைக் கருக்கவில்லை. புட்டிங் என்ற பேச்சையே உம்மா எடுக்கவிடுவதில்லை.

ஆகவே செய்முறைக்கு முன்னர் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேரமல் கொதிநீரைவிட எழுபது டிகிரி அதிகச் சூடுடையது. தோலில் பட்டால் வழிந்தோடாமல் ஒட்டி நின்று சுடும். அது அடுப்பில் இருக்கும்வரை சமையலறையில் குழந்தைகள் இருக்கலாகாது. நீளக் கைப்பிடியுள்ள மரக்கரண்டியை மட்டும் பயன்படுத்துங்கள். தொங்கும் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ‘பதம் பார்க்கிறேன்’ என்று விரலை நீட்டாதீர்கள். அதிரசப் பாகைத் தொட்டுப் பழகிய கைக்கு இந்தத் தவறு எளிதில் வந்துவிடும். மீறியும் பட்டுவிட்டால், உடனே குழாயைத் திறந்து, ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரம் இருப்பின் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். ஒட்டியிருப்பதைப் பிய்த்தெடுக்காதீர்கள், நீரிலேயே அது மெல்லக் கரையும். மை, பற்பசை, மஞ்சள், எண்ணெய், பனிக்கட்டி இவற்றில் எதுவும் வேண்டா. கொப்புளம் எழும்பினாலோ, பட்டவர் குழந்தையானாலோ மருத்துவரிடம் செல்வதே முறை.

இனி செய்முறைக்கு வருவோம். எட்டு அங்குல வட்டத்தில் இரண்டு அடுக்குக் கேக்கிற்குப் போதுமான அளவு இது. கேரமலுக்குச் சீனி 200 கிராம், நீர் கால் டம்ளருக்குச் சற்றுக் குறைவாக, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, ஃப்ரெஷ் க்ரீம் 120 மில்லி, வெண்ணெய் 50 கிராம், உப்பு கால் தேக்கரண்டி. பூச்சிற்கு மேலும் 200 கிராம் வெண்ணெயும் 200 கிராம் ஐசிங் சர்க்கரையும் வேண்டும். உப்பில்லாத வெண்ணெயே சிறந்தது. உப்பிட்ட மஞ்சள் வெண்ணெய்தான் கையில் இருக்கிறதென்றால், தனியாக உப்புச் சேர்க்காதீர்கள். ஐசிங் சர்க்கரை கிடைக்காவிட்டால், சீனியோடு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்து, ஈரமில்லாத மிக்சியில் அரைத்து மெல்லிய துணியில் இருமுறை சலித்துக்கொள்ளலாம். சலிக்காமல் விட்டால் நாவில் மணல்போல் நெருடும்.

பாத்திரம் அடி கனத்ததாக, உட்புறம் வெளிர்நிறமாக இருக்கவேண்டும். கறுப்பு நான்ஸ்டிக் பாத்திரத்தில் சீனியின் நிறம் தெரியாது; நிறம் தெரியாமல் கேரமல் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தைப்பதற்கு ஒப்பு. மெல்லிய அலுமினியத்தில் ஒருபுறம் கருகும், மறுபுறம் வெள்ளையாகவே நிற்கும். க்ரீமை ஊற்றும்போது கலவை பொங்கி எழும் என்பதால், பாத்திரம் தேவைக்கு மூன்று மடங்கு பெரியதாக இருக்கட்டும்.

சீனியையும் நீரையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து மெல்லிய தீயில் வைத்துச் சீனி முழுவதும் கரையும்வரை கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். இங்கேதான் பலருக்கும் பிழை நேர்கிறது. கிளறிக்கொண்டே இருந்தால், ஓரத்தில் ஒட்டிய ஒரு சீனித் துகள் உள்ளே விழுந்து, அதைச் சுற்றி மற்றவையெல்லாம் திரண்டு, பாகு முழுவதும் மீண்டும் சீனியாக உறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் இதைத் தடுக்கத்தான். அதன் புளிப்பு, சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது. அவை இடையில் நின்று சீனியை அணிசேர விடுவதில்லை. ஓரங்களில் துகள் தென்பட்டால், இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். ஆவி வழிந்து அவற்றைக் கழுவிவிடும். எல்லாம் மீறி உறைந்துபோனாலும் கவலை வேண்டா. கால் டம்ளர் நீர் விட்டுக் கரைத்து மறுபடி தொடங்கலாம், சீனி வீணாவதில்லை.

எட்டு முதல் பன்னிரண்டு நிமிடத்தில் ஓரங்களில் இளமஞ்சள் படரும். கைப்பிடியைப் பற்றிப் பாத்திரத்தை மெல்லச் சுழற்றுங்கள். இனி ஒரு நொடியும் அகலாதீர்கள். வாசல் மணி அடித்தாலும் தொலைபேசி ஒலித்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். முதலில் தேன் நிறம், அதன்பின் நாம் விருந்துக்குப் பின் அருந்தும் சுலைமானியின் செந்நிறம். கோப்பையில் ஊற்றிய கடுஞ்சுலைமானியின் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடவேண்டும். பாத்திரத்தின் சூட்டிலேயே இன்னும் ஒரு படி பழுக்கும். தேன் நிறத்திலேயே நிறுத்திவிட்டால் வெறும் இனிப்பாக இருக்கும். பூச்சில் வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்தபின் கேரமலின் சுவையே தெரியாது. புகை எழும்பிக் கறுத்துவிட்டாலோ எதைச் சேர்த்தும் மீட்க இயலாது. மனம் வருந்தாமல் ஆறவைத்துக் கொட்டிவிடுங்கள். ‘வெண்ணெய் சேர்த்தால் சரியாகிவிடும்’ என்று நானும் ஒருமுறை நம்பி, வெண்ணெயையும் சேர்த்து இழந்ததுண்டு.

க்ரீமை முன்னதாகவே தனிப் பாத்திரத்தில் வெதுவெதுப்பாகச் சூடுபடுத்தி வைத்திருங்கள். குளிர்ந்த க்ரீம் பட்டால் கேரமல் கல்லாக இறுகிவிடும். அடுப்பை அணைத்தவுடன், முகத்தைச் சற்று விலக்கிக்கொண்டு, க்ரீமைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். பொங்கி அடங்கியதும் 50 கிராம் வெண்ணெயையும் உப்பையும் சேர்த்து, மீண்டும் மெல்லிய தீயில் ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இனிப்பின் திகட்டலைத் தணிக்கிறது. இப்போது உங்களிடம் இருப்பது கேரமல் சாஸ். கண்ணாடிப் புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் கெடாது. க்ரீமிற்குப் பதிலாகக் கெட்டியான தேங்காய்ப்பாலை வெதுவெதுப்பாக்கிச் சேர்த்துப் பாருங்கள். வட்டிலப்பத்தின் சாயல் அதில் வந்துவிடும்; என் கருத்தில் க்ரீமைவிட அதுவே மேல்.

சாஸ் முற்றிலும் ஆறவேண்டும். விரலுக்குச் சூடே தெரியாத நிலை வரவேண்டும். 200 கிராம் வெண்ணெய், விரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு மென்மையாகவும், உருகாமலும் இருக்கட்டும். அதனை முட்டை அடிக்கும் கருவியாலோ மரக்கரண்டியாலோ வெளுத்து நுரைபோலாகும்வரை அடியுங்கள்; இயந்திரத்தில் ஐந்து நிமிடம், கையால் பதினைந்து நிமிடம். ஐசிங் சர்க்கரையை மூன்று முறையாகச் சேர்த்து, பின்னர் ஆறிய கேரமலில் மூன்றில் இரண்டு பங்கினைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்தால், இளம் பாலாடை நிறத்தில் பட்டுப்போன்ற பூச்சு தயார். அவசரப்பட்டுச் சூடான கேரமலை ஊற்றினால் வெண்ணெய் உருகிக் குழம்பாகிவிடும். அப்படி ஆனால் இருபது நிமிடம் குளிரவைத்து மறுபடி அடியுங்கள். மாறாக, திரிந்த பால்போல் துகள் துகளாகத் தோன்றினால் குளிர்ச்சி மிகுந்துவிட்டது என்று பொருள். பாத்திரத்தின் அடியை வெந்நீரில் சில நொடிகள் காட்டி அடித்தால் சேர்ந்துவிடும்.

கேக் முழுவதும் ஆறியபின்னரே பூசவேண்டும். முதலில் மிக மெல்லியதாக ஒரு பூச்சு. உதிரும் துகள்களையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். இருபது நிமிடம் குளிரவைத்து, அதன்மேல் இரண்டாவது பூச்சு. எஞ்சிய சாஸை மேலிருந்து ஓரங்களில் வழியவிட்டால் கடைக் கேக் தோற்றுப்போகும்.

ஒரு குறை உண்டு. நம் ஊர்களின் சித்திரை, வைகாசி வெயிலில் வெண்ணெய்ப் பூச்சு நிற்காது. காலையில் பூசியது மாலைக்குள் வழிந்துவிடும். அத்தகைய நாட்களுக்கு அமெரிக்காவின் தென் மாநிலத்தார் கையாளும் முறை நமக்கும் பொருந்துகிறது. அங்கும் கோடை கடுமையானது. பிறந்தநாளுக்கும் குடும்ப விருந்துகளுக்கும் அவர்கள் செய்யும் கேரமல் கேக்கின் பூச்சு காய்ச்சி எடுப்பது. ஆறியதும் பால்கோவாவைப்போல் இறுகி நிற்கும். 500 கிராம் சீனியில் 100 கிராமை நீரில்லாமல் தனியே சுலைமானி நிறத்திற்கு உருக்கிக்கொள்ளவேண்டும். மீதி 400 கிராமை 180 மில்லி பாலும் 115 கிராம் வெண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவைத்து, இரண்டையும் கவனமாகக் கலக்கவேண்டும். பின்னர் மெல்லிய தீயில் உருட்டுப் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் திரண்டு மென்மையான உருண்டையாகவேண்டும்; அதிரசம் செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. இறக்கிய பின் பாத்திரத்தின் பக்கத்தைக் கை தாங்கும்வரை ஆறவிட்டு, பளபளப்பு மங்கும்வரை அடித்து, உடனே கேக்கின் மேல் ஊற்றிப் பரப்புங்கள். ஓரிரு நிமிடத்தில் இறுகிவிடும். கையிலேயே இறுகத் தொடங்கினால் ஒரு கரண்டி சூடான பால் விட்டு இளக்கிக்கொள்ளலாம். முதல் முறையே அழகாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுவை மட்டும் குறையாது.

அவர்கள் பயன்படுத்தும் பழுப்புச் சீனிக்கு ஈடாக நாட்டுச் சர்க்கரையையோ வெல்லத்தையோ பாலில் இட்டுக் காய்ச்ச முனையாதீர்கள்; பால் திரிந்துபோகக்கூடும். கருப்பட்டிச் சுவை வேண்டுமென்றால் கருப்பட்டியை நீரில் கரைத்து வடிகட்டி, தேங்காய்ப்பாலுடன் காய்ச்சுங்கள்.

கண்டென்ஸ்டு மில்க் டப்பாவை மூடியபடியே மணிக்கணக்கில் நீரில் கொதிக்கவைத்துக் கேரமல் செய்யும் வழக்கம் ஒன்று பரவலாக உள்ளது. டப்பா வெடித்து முகம் வெந்துபோகும் ஆபத்து அதில் இருக்கிறது. டப்பாவைத் திறந்து பாலை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, மேலே அலுமினியத் தாள் கொண்டு இறுக்கமாக மூடி, நீர் விட்ட குக்கரில் மெல்லிய தீயில் நாற்பது நிமிடம் வையுங்கள். குக்கர் தானாகவே ஆறியபின் திறந்தால் அழகிய பழுப்பு நிறத்தில் இருக்கும்.

மணத்திற்கு எதைச் சேர்ப்பது என்பதில் நம் இல்லங்களில் ஒரு தயக்கம் எழுவதுண்டு. அசல் வனிலாச் சாறு மதுசாரத்தில் ஊறவைத்து எடுப்பது. அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பெயரில் விற்கப்படுவதில் குறைந்தது 35 விழுக்காடு மதுசாரம் இருந்தாகவேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் எசன்ஸ்களில் சிலவற்றில் மதுசாரம் உண்டு, சிலவற்றில் இல்லை. புட்டியின் மேலுள்ளதைப் படித்தே வாங்கவேண்டும். உறையிலுள்ள பச்சைப் புள்ளி இதற்கு விடை சொல்லாது. மாமிசப் பொருள் இல்லை என்பதற்கு மட்டுமே அது அடையாளம். மதுசாரத்தைப் பற்றி அது பேசுவதில்லை. கேரமலுக்கு வனிலாவே தேவையில்லை என்பேன். இரண்டு ஏலக்காயைத் தட்டி க்ரீமைச் சூடாக்கும்போது போட்டு வடித்துவிட்டால் போதுமானது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். மேலே சொன்ன முதல் வகைப் பூச்சில் சாஸையும் சேர்த்துச் சீனி மட்டுமே 400 கிராம். கேக்கைப் பதினாறு துண்டாக வெட்டினால், பூச்சில் மட்டும் துண்டுக்கு 25 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி ஏறத்தாழ 50 கிராமுக்குள் இருக்கவேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நன்று என்கிறது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இல்லாத வீடு இன்று அரிது. ‘பெருநாள்தானே’ என்று அவர்கள் தட்டில் நாமே பெரிய துண்டை வைத்து வற்புறுத்துவது பாசமாகாது. அவர்களுக்கெனப் பூச்சில்லாத ஒரு சிறு துண்டை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். மறுப்பதற்கு அவர்கள் சங்கடப்படமாட்டார்கள்.

சென்ற ஆண்டு என் தங்கை தொலைபேசியில் அழைத்து, “லாத்தா, அந்தச் சீனி கருக்குறது எப்படின்னு சொல்லுங்க, மவ கேட்கிறா” என்றாள். மணிக்கட்டில் தழும்போடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அடுப்பில் சீனியை வைக்காதவள் அவள். கேக் செய்த அன்று மகளை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டுத் தானே செய்தாளாம். நிறம் வந்ததா என்று கேட்டேன். “வந்துச்சு, சட்டியிலதான் ஒட்டிக்கிட்டுப் போகமாட்டேங்குது” என்றாள்.

கேரமல் இறுகிய பாத்திரத்தைக் கத்தியால் சுரண்டாதீர்கள். முக்கால் பங்கு நீர் நிரப்பி, கரண்டியையும் அதிலேயே போட்டு, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எல்லாம் கரைந்துவிடும்.